உமாமின்னா என்ன?

சமையல் குறிப்புகளில் ‘உமாமி’ என்று ஒரு சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஏதோ பலகாரத்தின் பேர் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு சுவையின் பேர்! ஜப்பானிய மொழியில் ‘உமாய்’ என்றால் ருசியானது. அதிலிருந்து வந்ததுதான் ‘உமாமி’.

ஜப்பானிய வீடுகளில் ‘கொம்பு’ (நம்ம மாட்டுக் கொம்பு இல்லீங்க, ஒருவகைக் கடல்பாசி!) தண்ணீரில் ஊறப் போட்டு, இளஞ்சூட்டில் வைத்து, கொதி வருவதற்குள் எடுத்துவிடுவார்கள். இறங்கிய சாறுக்கு ‘தாஷி’ என்று பெயர். மீன் சாப்பிடுகிறவர்கள் அதில் காய்ந்த மீன் சீவலைச் சேர்ப்பார்கள். பௌத்த மடங்களில் சைவம்தானே? அங்கே காய்ந்த காளான்.

இந்தச் சாற்றின் ருசி இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு நாலிலும் சேரவில்லையே என்று யோசித்தார் டோக்கியோ பல்கலைக்கழக ரசாயனப் பேராசிரியர் கிகுனே இகேடா. 1908-ல் சுமார் 12 கிலோ கொம்பிலிருந்து 30 கிராம் குளூட்டமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். ருசிக்குக் காரணம் அதுவே. அந்தச் சுவைக்கு அவர் வைத்த பேர்தான் உமாமி.

மறு வருஷமே அது ‘அஜினோமோட்டோ’ என்ற பொடியாக விற்பனைக்கு வந்தது. ‘சுவையின் மூலம்’ என்று அர்த்தம். அதனால் உமாமி என்றாலே பொடி என்று நினைக்கிறோம். ஆனால் பழுத்த தக்காளி, காளான், சீஸ் எல்லாவற்றிலும் உமாமி இயற்கையாகவே இருக்கிறது. ஏன், தாய்ப்பாலிலேயே இருக்கிறதே!

இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? எனக்கு ரத்த அழுத்தம். “உப்பைக் குறைங்கம்மா” என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குறைத்தால் சாப்பாடு சப்பென்று இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் முகம் சுளிக்கிறது. உமாமி உள்ள பொருள் சேர்ந்தால், உப்பு குறைந்தாலும் நாக்குக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. இப்போது நான் தக்காளியைச் சுருள வதக்கி, காளானும் சேர்த்து, உப்பில் கை வைத்துவிடுகிறேன். தட்டு காலியாகிறது!

ஒரு எச்சரிக்கை. பொடியிலும் சோடியம் உண்டு. உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு என்றாலும், அதுவும் கணக்கில் சேர வேண்டியதே. உப்பையும் குறைக்காமல் பொடியையும் தூவினால் என்ன லாபம், சொல்லுங்கள்!