பாண் பகையான கதை

பாலில் நனைத்த பாண் துண்டைத் தன் குழந்தைக்கு ஊட்டுகின்ற தாய், தான் அதற்கு நோயை ஊட்டுவதாகக் கனவிலும் கருதமாட்டாள். ஆயினும் உலகில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்குக் கோதுமை உணவு அத்தகைய தீங்கையே விளைக்கின்றது. அவ்வுணவு பழுதானதன்று, அளவு மீறியதுமன்று. மற்றையோருக்கு உரமூட்டும் அதே பாண்தான் இவர்களுடைய குடலைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றது. இதனைச் சீலியாக் நோய் என்பர். பல நூற்றாண்டுகளாக இதன் காரணம் எவருக்கும் புலப்படவில்லை. அது புலப்பட்ட வரலாறு மாணவர் அறியத்தக்கது. இந்நோயுடன் வாழும் முறையோ குடும்பத்தினர் யாவரும் அறிந்திருக்க வேண்டியது.

மெலிந்த குழந்தைகள்

கிறிஸ்து சகாப்தத்தின் முதல் இரு நூற்றாண்டுகளை அண்டி வாழ்ந்த அரெத்தேயுஸ் என்னும் கிரேக்க வைத்தியர் இத்தகைய வயிற்று நோயொன்றை எழுதி வைத்தார். வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே இதன் பெயரும் தோன்றியது. எனினும் நோயின் இயல்பைத் தெளிவாக விளக்கியவர் சாமுவேல் ஜீ என்னும் ஆங்கில வைத்தியராவர். 1887 ஆம் ஆண்டில் லண்டன் கிரேட் ஓமண்ட் தெருச் சிறுவர் வைத்தியசாலையில் அவர் ஆற்றிய விரிவுரை வரலாற்றுப் புகழ் பெற்றது. வயிறு பருத்து, கைகால்கள் குச்சிபோல் மெலிந்து, வெளிறிய மலம் மிகுதியாய்க் கழிய, வளர்ச்சி குன்றிய குழந்தைகளை அவர் எடுத்துக்காட்டினார். இந்நோய் தீருமாயின் அது உணவினாலேயே தீரும் என்றும் கூறினார்.

ஆனால் எவ்வுணவினால்? அங்கேதான் அப்பேரறிஞரும் இடறினார். அரிசியும் சவ்வரிசியும் ஆகா என்று விலக்கிய அவர், மெல்லியதாய் அரிந்து இருபுறமும் நன்கு வாட்டிய பாணைக் கொடுக்கலாம் என்றார். ஒல்லாந்திலிருந்து வந்த மட்டியை நாள்தோறும் உண்டு ஒரு குழந்தை தேறியதையும், மட்டிக் காலம் முடிந்ததும் அது மீண்டும் மெலிந்ததையும் அவர் குறித்துள்ளார். சரியான வீதியைக் காட்டியவர் வீட்டு வாயிலைத் தவறவிட்டார்.

1924 ஆம் ஆண்டில் நியூயோர்க் வைத்தியர் சிட்னி ஹாஸ் என்பவர் வாழைப்பழச் சிகிச்சையை வெளியிட்டார். குழந்தைகள் பலர் தேறினர். வாழைப்பழத்தின் மகிமையே இது என்று உலகம் நம்பியது. ஆனால் அவர் பழத்தைக் கொடுத்ததோடு பாணையும் தானிய உணவுகளையும் முற்றாக நிறுத்தியிருந்தார். நலம் கொடுத்ததினால் வந்ததன்று; நிறுத்தியதினால் வந்தது. இரண்டு செயல்களை ஒருங்கே செய்து, ஒன்றன் பயனை மற்றதன்மேல் ஏற்றுவது ஆராய்ச்சியில் நேரும் பெரும் பிழை என்பதை மாணவர் இங்கே உணரலாம்.

ஒரு தாயின் சொல்

முன்னொரு காலத்தில் நம் நாட்டின் கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்தரின் தேசத்திலேதான் உண்மை வெளிப்பட்டது. ஹேக் நகரிலுள்ள யூலியானா சிறுவர் வைத்தியசாலைக்கு 1936 இல் தலைமை பூண்ட வில்லெம் டிக்கே அப்பொழுது முப்பத்தோராண்டு இளைஞர். தன் பிள்ளையின் உணவிலிருந்து பாணை நீக்கியபொழுது அதன் நோய் தணிந்ததென்று ஓர் இளந்தாய் கூறிய சொல் அவர் சிந்தையைக் கிளறியதாக வைத்திய வரலாறு எழுதியோர் குறிப்பிடுவர். பாமரத் தாயின் பேச்சென்று அவர் அதனைத் தள்ளிவிடவில்லை. கோதுமையற்ற உணவைக் கொடுத்துப் பார்த்து, 1941 இல் அதுபற்றி எழுதவுஞ் செய்தார்.

பின்னர் வந்தது 1944 ஆம் ஆண்டின் இறுதிக் குளிர்காலம். ஜெர்மானியப் படைகள் உணவுப் போக்குவரத்தைத் தடுத்தமையால் ஒல்லாந்தின் மேற்குப் பகுதி பஞ்சத்தில் ஆழ்ந்தது. மக்கள் துலிப் பூச்செடியின் கிழங்கையும் தின்று உயிர் பிழைத்தனர். ஏறத்தாழ இருபதினாயிரம் பேர் மாண்டனர். நாடெங்கும் குழந்தைகள் வாடிய அக்காலத்தில், சீலியாக் நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறினர் என்பதும், மீண்டும் பாண் கிடைத்தபொழுது அவர்கள் நோயுற்றனர் என்பதும் இவ்வரலாற்றிற் பெரிதும் பேசப்படுவன. பஞ்சம் இவ்வுண்மையைக் கண்டுபிடித்தது என்று சொல்வதிலும், டிக்கே முன்னரே கொண்டிருந்த ஐயத்தைப் பஞ்சம் வலுப்படுத்தியது என்று சொல்வதே பொருந்தும்.

ஐயத்தை நிரூபணமாக்குவதற்கு அளவை வேண்டும். உண்ட கொழுப்பில் எவ்வளவு உடலிற் சேராமற் கழிகின்றது என்பதை அளக்கும் முறையை வான் டி காமர் என்னும் இரசாயன அறிஞர் வகுத்தார். அவரும் வெயர்ஸ் என்னும் வைத்தியரும் டிக்கேயுடன் கூடி உழைத்தனர். கோதுமை மாவைக் கொடுத்தபொழுது கொழுப்பு வீணாய்க் கழிந்தது. அரிசியைக் கொடுத்தபொழுது அவ்வாறு நிகழவில்லை. கோதுமையிலிருந்து பிரித்தெடுத்த தூய மாப்பொருளும் தீங்கு செய்யவில்லை. ஆகவே தீங்கு அதன் புரதத்திலேயே உள்ளதென்பது தெளிவாயிற்று. 1950 இல் டிக்கே தம் ஆய்வு நூலை உத்ரெக்ற் பல்கலைக்கழகத்திற்குச் சமர்ப்பித்தார். 1962 இல் அவர் காலமானார்; அவர் காட்டிய உணவு முறையே இன்றும் இந்நோய்க்கு மருந்து.

குடலில் நிகழ்வது யாது?

கோதுமை மாவை நீர்விட்டுப் பிசைந்து, அவ்வுருண்டையைக் குழாய் நீரிற் கசக்கிக் கழுவுங்கள். வெள்ளை மாப்பொருள் நீரோடு போய்விடும். இறப்பர்போல் இழுபடும் பசையொன்று கையிலே எஞ்சும். அதுவே குளுற்றன் எனப்படும் புரதம். பாணை உப்பச் செய்வதும், றொட்டியை வீச இடங்கொடுப்பதும் இதுதான். பார்லியிலும் றை என்னும் தானியத்திலும் இதனையொத்த புரதங்கள் உண்டு. அரிசி, குரக்கன், தினை, சாமை, சோளம் என்பவற்றில் அத்தீங்கு இல்லை.

நமது சிறுகுடலின் உட்சுவரில் வெல்வெற்றுத் துணியின் மயிர்போல் எண்ணிறந்த சடைமுளைகள் உள்ளன. உணவுச் சத்தை உறிஞ்சுவன இவையே. குறித்த பரம்பரையலகுகள் அமைந்த சிலரின் நிர்ப்பீடனத் தொகுதி, குளுற்றனைப் பகையெனக் கொண்டு போர் தொடுக்கின்றது. அப்போரில் அழிவன சொந்தக் குடலின் சடைமுளைகளே. வயல் மொட்டைத் தரையாவதுபோலக் குடற்சுவர் மழுங்கிவிட, இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் உடலிற் சேராமற் போகின்றன. இது தொற்றுநோயன்று, சாதாரண ஒவ்வாமையுமன்று.

வயிற்றோட்டம் ஒன்றே இதன் அடையாளம் என்று எண்ணலாகாது. மருந்துண்டும் மாறாத குருதிச்சோகை, ஓயாத களைப்பு, வாய்ப்புண், எலும்புத் தேய்வு, பிள்ளையின் உயரம் குன்றுதல், கடுஞ் சொறியுடன் கூடிய கொப்புளம் என்பனவும் இதன் வெளிப்பாடுகளாகலாம். முதியோருக்குங்கூட இது புதிதாய்த் தோன்றும். ஒருவருக்கு இந்நோய் உண்டெனின், அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளிற் பத்தில் ஒருவருக்கு அது இருக்கக்கூடும்.

அரிசி உண்ணும் நமக்கு இது எதற்கு எனச் சிலர் வினவலாம். இந்தியாவில் நடைபெற்று 2016 இல் வெளியான ஆய்வொன்று இதற்கு விடை தருகின்றது. வட பகுதியில் நூற்றுக்கு ஒருவருக்கும் மேலாகக் காணப்பட்ட இந்நோய், தென் பகுதியில் ஆயிரத்துக்கு ஒருவரளவிலேயே காணப்பட்டது. ஆயின் அதற்கு இடந்தரும் பரம்பரையலகுகள் இரு பகுதியிலும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தன. வேறுபட்டது முக்கியமாகக் கோதுமை உண்ணும் அளவே. காலையிற் பாண், மாலையில் விசுக்கோத்து, இரவிற் கொத்து றொட்டி என்று நம் உணவு மாறிவருகின்றது. நம் உறவினர் பலர் கனடாவிலும் இங்கிலாந்திலும் பாண் உண்ணும் சமூகத்திடையே வாழ்கின்றனர். ஆகையால் இது பிறர்க்குரிய நோய் என்று இருந்துவிட இயலாது.

சோதனைக்கு முன் நிறுத்தலாகாது

ஐயம் எழுந்தவுடனே பாணை நிறுத்திவிட்டுச் சில வாரங்களின் பின் வைத்தியரை நாடுவது பலர் செய்யும் தவறு. குளுற்றன் நின்றவுடன் அதற்கெதிராகக் குருதியில் உண்டாகும் பிறபொருளெதிரிகள் குறையத் தொடங்கும்; குடலும் ஆறத் தொடங்கும். அதனாற் சோதனை நோயில்லையெனப் பொய் சொல்லும். சோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரங்களாவது நாள்தோறும் கோதுமை உணவு உண்டிருத்தல் வேண்டும் என்பர். முதலிற் குருதிச் சோதனை. பின்னர், வைத்தியர் வேண்டுமெனக் கருதின், உள்நோக்கிக் குழாயைச் செலுத்திக் குடலின் சிறு துணுக்கை எடுத்துப் பார்க்கும் சோதனை.

இச்சோதனை எதற்கு, உணவை மட்டும் விலக்கினாற் போதாதா எனலாம். போதாது. விலக்கு வாழ்நாள் முழுவதற்கும் உரியது. உறுதியான காரணமின்றி ஒருவர் அத்துணை நீண்ட விரதத்தைக் காக்கமாட்டார். நோயில்லாதார் நாகரிகங் கருதிக் கோதுமையைக் கைவிடுவதாலும் பெரிய நன்மை விளைவதில்லை.

அடுக்களையில் ஒளிந்திருப்பது

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரம் வகுத்து, அதில் மருந்துச் சரக்கு ஒன்றையேனும் பெயர் சொல்லாது, உண்ணும் முறையையே பெரிதும் உரைத்தார். இந்நோய்க்கு அவ்வதிகாரம் முற்றும் பொருந்தும். உணவுக் கட்டுப்பாட்டிற்கு ஈடான மருந்து இன்றுவரை இல்லை.

நல்வாய்ப்பாகச் சோறு, பருப்பு, மரக்கறி, மீன், முட்டை, பால், பழம் யாவும் இந்நோயாளர்க்கு ஆகும். ஒடியற் கூழும், குரக்கன் களியும், தூய அரிசிமாப் புட்டும் ஆகும். ஆனால் தூய என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கன் மா என்று முதியோர் வழங்கும் கோதுமை மாவை அவித்துப் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் சேர்ப்பது நம் வழக்கம். தோசைக்கு அரைத்த உழுந்துடனும் அதனைக் கலப்போர் பலர். ரவையும் சேமியாவும் கோதுமையே. கடையில் வாங்கும் பெருங்காயத்திற் கோதுமை மா கலந்திருப்பதுண்டு. சோயா சோஸ் பெரும்பாலும் கோதுமை சேர்ந்தது. மோல்ற்றுப் பானங்கள் பார்லியிலிருந்து வருவன. பொதியின்மேல் அச்சிட்டிருப்பதை வாசித்துப் பழகுதல் இன்றியமையாதது.

பொருள் தூயதாயினும் பாத்திரம் கெடுக்கலாம். கோதுமை மா அரித்த அரிதட்டு, றொட்டி சுட்ட கல், வாய்ப்பன் பொரித்த எண்ணெய், கோதுமை திரித்த ஆலையில் அடுத்துத் திரிக்கும் அரிசி ஆகியவற்றால் குளுற்றன் ஒட்டிக்கொள்ளும். ஒரு துண்டுப் பாணில் ஏறத்தாழ 2 கிராம் குளுற்றன் உண்டு. நாள்தோறும் 50 மில்லிகிராம், அதாவது அத்துண்டின் நாற்பதில் ஒரு பங்கு, தொடர்ந்து உட்சென்றாலே பலருடைய குடல் பழுதாகும். குளுற்றன் அற்றது எனப் பொறிக்கப்படும் உணவில் கிலோகிராமுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது சர்வதேச நியமம்.

இவற்றினும் கடினமானது விருந்து. நம்மவர் அன்பை உணவாலேயே காட்டுவர். பிறந்தநாட் கேக்கைப் பிள்ளை மறுத்தால், "ஒரு சின்னத் துண்டு என்ன செய்யும், சாப்பிடு ராசா" என்று மாமியார் ஒருவர் வற்புறுத்துவார். கோயிலிற் கொடுக்கும் ரவைக் கேசரியை மறுக்கும் சிறுமியைப் பெரியோர் கடிந்துகொள்வர். வீட்டில் எவ்வளவு கவனமாகக் காத்தாலும், பிள்ளை உறுதி குலைவது இத்தகைய இடங்களிலேதான். நோயுற்ற பிள்ளைக்குத் தனித் தட்டில் எதையோ வைத்து ஒதுக்காமல், வீட்டார் யாவரும் வாரத்திற் பல நாட்கள் அதே உணவை உண்பது பேருதவியாகும். பள்ளியில் ஆசிரியருக்கும், அயலில் உறவினருக்கும் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவைத்தல் நன்று.

இவ்வாறு காப்போர் பலர் சில வாரங்களிலேயே தெளிவடைவர். பிள்ளைகளின் குடல் விரைவில் ஆறும்; பெரியோர்க்கு ஈராண்டும் அதற்கு மேலும் செல்லலாம். தேறிய பின்னர், நோய் போய்விட்டதென்று மீண்டும் பாணைத் தொடலாகாது. பகை உறங்குகின்றதேயன்றி ஒழியவில்லை. ஆகையால் ஒரு பிள்ளை, "இதைத் தின்றால் எனக்கு வயிறு நோகுது அம்மா" என்று அடிக்கடி சொல்லுமாயின், அதனைப் பிடிவாதமென்று அதட்டாதீர்கள். எதை உண்ட பின், எத்தனை நாட்கள், என்ன நேர்ந்தது என்பதை ஒரு கொப்பியிற் குறித்து வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.