ரெண்டு ஏர்லைன், ஒரே பெயர்ப்பலகை: ஏர் இந்தியாவின் 2007

ஏர் இந்தியா ஏன் நொடிச்சுதுன்னு யாரைக் கேட்டாலும், "கவர்மென்ட் கையில இருந்தா அப்படித்தான்"னு முடிச்சிடுவாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனால் 1953-ல் அரசுடைமை ஆன பிறகும் 1978 வரை ஜே.ஆர்.டி. டாடாதான் அதன் தலைவர். அந்தக் காலத்தில் உலகமே மதித்த ஏர்லைன் அது. அதனால எனக்கு 1953-ஐ விட 2007 மேலதான் சந்தேகம்.

வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா, உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ். அரை நூற்றாண்டு தனித்தனியாக ஓடிய இந்த ரெண்டையும் 2007-ல் இணைத்தார்கள். சேர்ந்தா செலவு குறையும்னு கணக்கு. ஆனால் ஏர் இந்தியாவில் பெரும்பாலும் போயிங், இந்தியன் ஏர்லைன்ஸில் ஏர்பஸ். ஒன்றை ஓட்டும் பைலட் தனிப் பயிற்சி இல்லாமல் மற்றதில் உட்கார முடியாது. உதிரி பாகமும் வேற. போதாக்குறைக்கு, இணைப்புக்கு முன்பே ரெண்டு கம்பெனியும் சேர்த்து 111 புது விமானங்களுக்கு ஆர்டர் போட்டிருந்தன, பெரும்பாலும் கடனில். 2006-ல் பறக்க ஆரம்பித்த இண்டிகோவிடம் அப்போது ஏர்பஸ் ஏ320 மட்டும்தான். எந்த பைலட்டையும் எந்த விமானத்திலும் ஏற்றலாம்.

என் முதல் வேலையில இதே மாதிரி ஒரு கூத்து. ரெண்டு ப்ராடக்டை இணைச்சோம். லாகின் பக்கம் ஒண்ணு, பின்னாடி டேட்டாபேஸ் ரெண்டு. பல மாசம் தூக்கமே இல்ல. அங்க மாட்டிக்கிட்டது டேட்டா. இங்க மனுஷங்க.

2011-ல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் சம சம்பளம் கேட்டு ஸ்ட்ரைக். 2012-ல் எதிர்த்தரப்பு: புது ட்ரீம்லைனர் பயிற்சி எங்களுக்குத்தான் என்று பழைய ஏர் இந்தியா பைலட்டுகள் கிட்டத்தட்ட ரெண்டு மாசம் வேலைக்கு வரவில்லை. ஒரே யூனிஃபார்ம்தான்! ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் சேர 2007-லேயே அழைப்பு வந்தும், உள்ளே போக முடிந்தது 2014-ல்தான்.

2012-ல் சுமார் 30,000 கோடிக்கு மீட்புத் திட்டம். 2018-ல் 76 சதவீதப் பங்கை விற்கப் பார்த்தார்கள், ஒருத்தரும் வரவில்லை. 2021-ல் டாடா 18,000 கோடிக்கு எடுத்தது. அதில் ரொக்கம் 2,700 கோடி, மீதி 15,300 கோடி ஏற்றுக்கொண்ட கடன். மொத்தக் கடனோ 60,000 கோடிக்கு மேல். மிச்சம் அரசாங்கத்தின் தலையில், அதாவது உங்க, என் தலையில.

2024-ல் டாடாவுக்கும் அதே பரீட்சை வந்தது: நாலு ஏர்லைனை ரெண்டாக்க வேண்டியிருந்தது. 2024 ஏப்ரலில், இணைப்புக்கு முன்பே, விஸ்தாரா பைலட்டுகளுக்குப் புது சம்பள முறை பிடிக்கவில்லை. நிறைய ஃப்ளைட் ரத்து. நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஃப்ளைட்டுகள் எல்லாம் ஏர் இந்தியா ஃப்ளைட் ஆயின. பயணிகளுக்கு அடையாளம் தெரியணும்னு அவற்றின் எண்களை மட்டும் 2-ல் ஆரம்பிக்கும்படி வைத்தார்கள்.