காணாமல் போன பிள்ளையும் கைபேசித் துப்பறிவாளர்களும்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு புகைப்படம் வருகிறது. பதினாறு, பதினேழு வயதுப் பையன். "காணவில்லை, அதிகம் பகிரவும்" என்று கீழே ஒரு வரி. முதல் அரை மணி நேரம் எல்லோரும் துஆ செய்கிறார்கள். பிறகு பேச்சு மாறுகிறது. "வீட்டில் சண்டையாம்", "கூட்டாளி சரியில்லையாம்", "கடைசியாகப் பார்த்தவனைப் பிடித்து விசாரித்தால் எல்லாம் வெளியே வரும்." அந்தப் பையனையோ அவன் கூட்டாளியையோ குழுவில் ஒருவரும் நேரில் பார்த்ததில்லை.

இதே பேச்சு லட்சக்கணக்கானோர் கூடும் இடத்தில் நடந்தால் என்ன ஆகும்? அதற்கு அண்மைக்கால உதாரணம் 2024இல் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் நடந்தது. அந்த இளைஞரின் பெயர் உலகம் முழுவதும் அடிபட்டது. அவரது குடும்பம் பட்டது போதும் என்பதால் இங்கே பெயரைத் தவிர்க்கிறோம்.

டெனெரிஃபில் நடந்தது

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியைச் சேர்ந்த அந்த இளைஞருக்கு வயது 19. நண்பர்களோடு இசை விழாவுக்காக டெனெரிஃப் சென்றிருந்தார். 2024 ஜூன் 16ஆம் தேதி இரவு விழா முடிந்ததும், அங்கே பழக்கமான இரண்டு ஆண்களோடு காரில் ஏறி, தீவின் வடமேற்கே மஸ்கா என்ற மலைக் கிராமத்தில் அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை தன் விடுதிக்குத் திரும்பக் கிளம்பினார். பேருந்து கிடைக்கவில்லை. நடக்கத் தொடங்கிவிட்டார். அவரது விடுதி தீவின் தென்கோடியில் இருந்தது. நடந்தே போவதென்றால் ஏறக்குறைய 11 மணி நேரம் ஆகும். வழியில் ஒரு தோழிக்கு அழைத்து, வழி தவறிவிட்டதாகவும் தாகமாக இருப்பதாகவும் கைபேசியில் சார்ஜ் 1 சதவீதம்தான் இருப்பதாகவும் சொன்னார். காலை 8.50 மணி அளவில் தெனோ மலைப் பகுதியில் அவரது கைபேசியின் கடைசி சமிக்ஞை பதிவானது. அதன் பிறகு எந்தத் தகவலும் இல்லை.

ஸ்பெயின் சிவில் காவல் படையினர் நாய்கள், ஹெலிகாப்டர், டிரோன் ஆகியவற்றோடு தேடினார்கள். பெரிய அளவிலான தேடல் ஜூன் 30ஆம் தேதி நிறுத்தப்பட்டது. ஆனாலும் மலை மீட்புப் பிரிவினர் விட்டுவிடவில்லை. ஜூலை 15ஆம் தேதி, எளிதில் யாரும் இறங்க முடியாத ஒரு பள்ளத்தாக்கில் அவரது உடலைக் கண்டெடுத்தார்கள். கைபேசி கடைசியாகப் பதிவான இடத்துக்கு அருகில்தான் அந்தப் பள்ளத்தாக்கு இருந்தது. உயரத்திலிருந்து விழுந்ததால் ஏற்பட்ட காயங்கள் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. 2025 ஜூலையில் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் நடந்த மரண விசாரணையும் இது விபத்து மரணமே என்று முடிவு செய்தது.

அந்த நான்கு வாரங்கள்

காணாமல் போனதற்கும் உடல் கிடைத்ததற்கும் இடையே நான்கு வாரங்கள். அந்த நான்கு வாரங்களும் சமூக வலைத்தளங்களில் ஓயாத விசாரணை நடந்தது. முகநூல் குழுக்களில் லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். போதைப்பொருள் கும்பல் கடத்திவிட்டது என்றார்கள் சிலர். அந்த இரண்டு ஆண்கள்தான் ஏதோ செய்துவிட்டார்கள் என்றார்கள் வேறு சிலர். எல்லாமே நாடகம், பையன் எங்கோ பத்திரமாக ஒளிந்திருக்கிறான் என்றும் ஒரு கூட்டம் சொன்னது. நண்பர்களின் பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்தார்கள். தேடலுக்காகத் திரட்டிய நிதியையும் சந்தேகித்தார்கள். சிலர் விமானம் ஏறித் தீவுக்கே போய், மலைப்பாதையில் நின்று நேரலை செய்தார்கள்.

மகனைத் தேடிப் போன தாய்க்கு, தேடலோடு இந்தப் பேச்சுகளையும் தாங்க வேண்டியிருந்தது. அவதூறுகளையும் கற்பனைக் கதைகளையும் நிறுத்தும்படி குடும்பம் பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டது. யாரும் நிறுத்தவில்லை. இணையத்தில் எழுதப்பட்ட அத்தனை ஊகங்களில் ஒன்றாவது அவரை ஒரு நாள் முன்னதாகக் கண்டுபிடிக்க உதவியதா? இல்லை. மலையேறத் தெரிந்தவர்கள் பாறை பாறையாக இறங்கித் தேடித்தான் கண்டுபிடித்தார்கள்.

ஏன் இப்படித் தவறிப் போகிறது?

இதில் ஈடுபடுவோர் எல்லோரும் கெட்டவர்கள் அல்லர். பலர் இரக்கத்தால் தொடங்குகிறார்கள். ஆனால் இரக்கம் எங்கே தடம் மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, தகவல் வெற்றிடம். விசாரணை நடக்கும்போது காவல்துறை எல்லாவற்றையும் வெளியே சொல்லாது; சொல்லவும் கூடாது. அந்த மௌனத்தைக் கண்டால், "எதையோ மறைக்கிறார்கள்" என்று நினைக்கத் தோன்றுகிறது.

இரண்டாவது, சாதாரணமான காரணத்தை மனம் ஏற்க மறுக்கிறது. பழக்கமில்லாத மலை, வெயில், தாகம், சார்ஜ் இல்லாத கைபேசி, ஒரு தவறான அடி. ஓர் உயிர் போக இவை போதும். ஆனால் இதில் கதை இல்லை, வில்லன் இல்லை. கும்பல், கடத்தல், துரோகம் என்றால்தான் காணொளியை லட்சம் பேர் பார்ப்பார்கள். பார்வைகள் கூடினால் வருமானமும் கூடும். எனவே அடுத்த நாளும் ஒரு புதிய 'திருப்பம்' தேவைப்படுகிறது.

மூன்றாவது, சிறு விவரங்கள் எல்லாம் தடயங்களாகத் தெரியத் தொடங்குகின்றன. இங்கிலாந்தின் டான்காஸ்டர் நகரில் 2007 செப்டம்பர் 14ஆம் தேதி காணாமல் போன 14 வயதுச் சிறுவனின் விஷயம் இதற்குச் சான்று. பள்ளிக்குப் போகாமல், தன் கணக்கிலிருந்து 200 பவுண்ட் எடுத்து, லண்டனுக்கு ஒருவழிப் பயணச்சீட்டு வாங்கினான். லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் அவன் வெளியேறும் காட்சி கேமராவில் பதிவானது. அதன் பிறகு இன்றுவரை அவனைப் பற்றி உறுதியான செய்தி இல்லை. ஏன் ஒருவழிச் சீட்டு? விளையாட்டுக் கருவியை எடுத்தவன் ஏன் அதன் சார்ஜரை எடுக்கவில்லை? இந்த இரண்டு கேள்விகளை வைத்தே இணையத்தில் நூற்றுக்கணக்கான கதைகள் எழுதப்பட்டுவிட்டன. பதினான்கு வயதுப் பையன் சார்ஜரை மறப்பது அன்றாடம் நடப்பது. அவன் காணாமல் போனதால்தான் அது தடயமாகத் தெரிகிறது.

அந்த வழக்கில் 2021 டிசம்பரில் இருவர் கைது செய்யப்பட்டார்கள். "நாங்கள் அப்போதே சொன்னோம்" என்று இணையம் கொண்டாடியது. 2023இல் அந்த இருவருக்கும் இதில் தொடர்பில்லை என்று காவல்துறையே அறிவித்தது. கைது என்பது விசாரணையின் ஒரு படி மட்டுமே என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

காணாமல் போனவரே குற்றவாளி ஆன கதை

அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகரில் படித்துவந்த 22 வயது இந்திய வம்சாவளி மாணவர் ஒருவர் 2013 மார்ச் 16ஆம் தேதி காணாமல் போனார். அவரைத் தேடி குடும்பத்தினர் முகநூலில் ஒரு பக்கம் தொடங்கினார்கள். ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 15ஆம் தேதி, பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டுகள் வெடித்தன. மூன்று நாட்களில் சந்தேக நபர்கள் இருவரின் படங்களைப் புலனாய்வுத் துறை வெளியிட்டது.

ரெடிட் தளத்தில் கூடியிருந்தவர்கள் அந்தப் படத்தையும் காணாமல் போன மாணவரின் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். முகம் ஒத்துப்போகிறது என்றார்கள். ஒரே இரவில் அவர் பெயர் உலகம் முழுவதும் குண்டு வைத்தவர் பெயராகப் பரவியது. மகனைத் தேடிய பக்கத்தில் வசைமாரி பொழிந்ததால் குடும்பத்தினர் அதை மூட வேண்டியதாயிற்று. விடிந்ததும் உண்மையான குற்றவாளிகள் வேறு இருவர் என்பது உறுதியானது. ஏப்ரல் 23ஆம் தேதி அந்த மாணவரின் உடல் பிராவிடன்ஸ் ஆற்றில் கிடைத்தது. ரெடிட் நிறுவனம் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டது.

தோற்றத்தையும் பெயரையும் வைத்துச் சந்தேகிக்கப்படுவது எப்படி இருக்கும் என்று நம் சமுதாயத்துக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அதனால்தான் அடுத்தவர் மீது அதைச் செய்யாமல் இருக்கும் பொறுப்பு நமக்குக் கூடுதலாக இருக்கிறது. வந்த செய்தியை விசாரித்துத் தெளிவுபெறச் சொல்வதும், ஊகத்தையும் பிறர் குறையைத் துருவுவதையும் தடுப்பதும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம், 12ஆம் வசனங்களில் நாம் அறிந்தவையே. ஒரு ஃபார்வர்டை அழுத்தும் விரலுக்கும் அவை பொருந்தும்.

உதவியாக முடிந்த ஒரு தேடல்

பொதுமக்கள் எதுவுமே செய்யக் கூடாதா? அப்படியல்ல. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஸ்பார்ட்டா என்ற சிற்றூரில் 2000 ஏப்ரல் 3ஆம் தேதி 18 வயதுப் பெண்ணும் 17 வயதுப் பையனும் காரோடு காணாமல் போனார்கள். 21 ஆண்டுகள் தடயம் இல்லை. வதந்திக்கு மட்டும் குறைவில்லை.

2021இல் யூடியூபில் காணொளி போடும் நீர்மூழ்கு வீரர் ஒருவர் அப்பகுதி நீர்நிலைகளில் தேடத் தொடங்கினார். அந்த மாவட்டக் காவல் அதிகாரி அதைக் கவனித்து, பழைய கோப்புகளை மறுபடி பார்த்து, வேறொரு சாலையோரத்தில் தேடிப் பார்க்கும்படி சொன்னார். ஒலியலைக் கருவியின் உதவியோடு கால்ஃப்கில்லர் ஆற்றில் அவர் இறங்கிப் பார்த்தபோது அந்தக் கார் கிடைத்தது. உடனே அவர் செய்த வேலை காவல் அதிகாரிக்குத் தகவல் சொன்னதுதான்.

இவரும் இணையத்தில் இயங்கியவர்தான். ஆனால் ஒருவரையும் குற்றவாளி என்று சுட்டவில்லை. தனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தார், காவல்துறையோடு பேசினார், கண்டதை உரியவரிடம் ஒப்படைத்தார். இரண்டு குடும்பங்களுக்கு 21 ஆண்டுகளுக்குப் பிறகு பதில் கிடைத்தது.

நம் வீட்டில், நம் ஊரில் நடந்தால்

பிள்ளையைக் காணவில்லை என்றால் 24 மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும் என்பது தவறான எண்ணம். உடனே காவல் நிலையம் செல்லுங்கள். குழந்தை காணாமல் போன புகாரில் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்டிருக்கிறது. இந்தியாவில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் 112 என்ற அவசர எண்ணையும் அழைக்கலாம். இலங்கையில் குழந்தைகளுக்கான உதவி எண் 1929, காவல்துறை எண் 119.

அண்மையில் எடுத்த புகைப்படம், அன்று அணிந்திருந்த உடை, கைபேசி எண், நெருங்கிய நண்பர்கள் பெயர் ஆகியவற்றைக் காவல்துறையிடம் கொடுங்கள். வீட்டில் சண்டை நடந்திருந்தால் அதையும் மறைக்காமல் அவர்களிடம் சொல்லுங்கள். குழுவில் சொல்ல வேண்டாம்.

கேமரா பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்துவிடும். டான்காஸ்டர் சிறுவன் லண்டனில் இறங்கிய காட்சி கவனத்துக்கு வரவே மூன்று வாரங்களுக்கு மேல் ஆயிற்று. ஆகவே பையன் போயிருக்கக்கூடிய தெருவில் கடையோ வீடோ வைத்திருப்பவர்கள், அந்த நேரப் பதிவை உடனே சேமித்துக் காவல்துறையிடம் கொடுப்பது பெரிய உதவி. அதே சம்பவத்தில், பள்ளி வீட்டுக்கு அழைத்தபோது தவறான எண்ணுக்குப் போனதால் பெற்றோருக்கு மாலை வரை விஷயம் தெரியவில்லை. பிள்ளையின் பள்ளியில் உங்கள் சரியான எண் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

பகிர்வதானால் காவல்துறையோ குடும்பமோ வெளியிட்ட அறிவிப்பை மட்டும், சேர்க்காமல் குறைக்காமல், தேதியோடு பகிருங்கள். பிள்ளை கிடைத்துவிட்டால் "கிடைத்துவிட்டார்" என்று ஒரு வரி போட்டு, பழைய படத்தை நீக்குங்கள். திரும்பி வந்த பிள்ளையின் முகம் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது. நாளை அவன் பள்ளிக்கும் வேலைக்கும் போக வேண்டும். ஏன் போனான், எங்கே இருந்தான் என்ற விளக்கம் அவன் பெற்றோருக்கு உரியது.

அடுத்த முறை அப்படியொரு புகைப்படம் நம் கைபேசிக்கு வரும்போது நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோம். இந்தப் பையனைப் பற்றி எனக்கு நேரடியாக ஏதாவது தெரியுமா? தெரிந்தால் அதைக் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் துஆ செய்வோம், அறிவிப்பை அப்படியே பகிர்வோம், அதோடு நிறுத்திக்கொள்வோம். வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தத் தாயின் கைபேசிக்கும் நம் வார்த்தைகள் போய்ச் சேரும்.