எட்டு மணி நேரம் போதும்... பினாங்கு ஜார்ஜ் டவுனை நடந்தே சுற்றி வரலாம்!

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பல்கள் பலவும் நின்று செல்லும் ஊர், மலேசியாவின் பினாங்கு. பெரும்பாலும் காலையில் வந்து மாலையில் கிளம்பிவிடும். இறங்கியதும் பலர் செய்வது, கப்பலிலேயே விற்கப்படும் பேருந்துச் சுற்றுலாவில் ஏறி உட்கார்ந்துவிடுவது. ஆனால், பினாங்கில் அதற்கு அவசியமே இல்லை. கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை பழைய நகரமான ஜார்ஜ் டவுனின் வாசலிலேயே இருக்கிறது. சுமார் நான்கு கிலோமீட்டர் நடந்தால் நகரின் முக்கியமான இடங்களைப் பார்த்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிவிடலாம்.

சென்னையிலும் ஒரு ஜார்ஜ் டவுன் உண்டு. அது ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரில் வந்தது. பினாங்கின் ஜார்ஜ் டவுன் அதற்கும் மூத்தது. மூன்றாம் ஜார்ஜின் பெயரைத் தாங்கியது. 2008-ல் மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

மணிக்கூண்டும் கோட்டையும்

துறைமுகத்தைவிட்டு வெளியே வந்ததும் கண்ணில் படுவது விக்டோரியா மகாராணி நினைவு மணிக்கூண்டு. ராணி பட்டத்துக்கு வந்து 60 ஆண்டுகள் ஆனதைக் கொண்டாட, செய் சென் இயோக் என்ற சீனச் செல்வந்தர் 1897-ல் கொடுத்த நன்கொடை இது. ஆண்டுக்கு ஓர் அடி என்ற கணக்கில் 60 அடி உயரம். உற்றுப் பார்த்தால் லேசாகச் சாய்ந்திருப்பது தெரியும். இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டுகளின் அதிர்ச்சிதான் அதற்குக் காரணம் என்கிறார்கள்.

அருகிலேயே கார்ன்வாலிஸ் கோட்டை. 1786-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கிய இடம் இது. அப்போது இங்கே அடர்ந்த காடு. அதை வெட்ட ஆட்கள் முன்வரவில்லை என்பதால், பீரங்கியில் வெள்ளிக் காசுகளைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டாராம் லைட். காசைத் தேடிப் போனவர்கள் காட்டை வெட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. கோட்டையில் இருக்கும் 'செரி ரம்பாய்' பீரங்கி, 1603-ல் டச்சுக்காரர்கள் வார்த்தது.

தமிழர்களுக்கு இந்தத் தீவில் கனமான நினைவு ஒன்றும் உண்டு. பாளையக்காரர் கிளர்ச்சியை ஒடுக்கிய கம்பெனி அரசு, 1802-ல் சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோரைத் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றி நாடு கடத்தியது இந்தத் தீவுக்குத்தான். இன்று நாம் பஃபே சாப்பிட்டுக்கொண்டே வந்து சேரும் தீவுக்கு, அன்று விலங்கோடு வந்து இறங்கியவர்கள் அவர்கள்.

ஒரே தெருவில் நான்கு வழிபாடுகள்

கோட்டையிலிருந்து பத்து நிமிட நடையில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். 1818-ல் எழுந்த இது, தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பழைய ஆங்கிலிகன் தேவாலயம். அங்கிருந்து தெற்கே செல்லும் கபித்தான் கெலிங் மசூதித் தெருவை 'நல்லிணக்கத் தெரு' என்று அழைக்கிறார்கள். காரணம், ஒரு கிலோமீட்டருக்குள் தேவாலயம், சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயில், மாரியம்மன் கோயில், மசூதி என்று வரிசையாக வந்துவிடுகின்றன.

1833-ல் கட்டப்பட்ட அருள்மிகு மகா மாரியம்மன் கோயில்தான் பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். கபித்தான் கெலிங் மசூதி அதற்கும் முந்தையது. 1801-ல் இந்திய முஸ்லிம் வணிகர்களால் தொடங்கப்பட்டது. அவர்களின் தலைவராக இருந்த காதர் மொகைதீனின் 'கபித்தான்' பதவியே மசூதிக்குப் பெயராகிவிட்டது. நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் கரைகளிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்தவர்கள் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்காவையும் எழுப்பினார்கள். சூலியா தெருவில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

மல்லிகை மணக்கும் லிட்டில் இந்தியா

மாரியம்மன் கோயிலைச் சுற்றி லிட்டில் இந்தியா. பூக்கடை, புடவைக் கடை, நாணய மாற்றுக் கடை, ஒலிபெருக்கியில் தமிழ்ப் பாட்டு. வழி கேட்க ஆங்கிலம் தேவையில்லை; தமிழிலேயே கேட்கலாம். பக்கத்துப் பினாங்கு தெருவில் நகரத்தாரின் கோவில் வீடு இருக்கிறது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படுவது இங்கிருந்துதான்.

பசித்தால் நாசி கண்டார். 'கண்டார்' என்பது காவடித் தண்டு. தோளில் தண்டைச் சுமந்து, ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள். இன்று அது மலேசியாவின் அடையாள உணவு. கூடவே நுரை பொங்கும் ஒரு தே தாரிக்.

ஓவியங்களுக்குப் பின்னால்

அடுத்தது ஆர்மீனியன் தெரு. லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஜாகரேவிச் 2012-ல் வரைந்த, சைக்கிளில் போகும் இரண்டு குழந்தைகள் ஓவியத்தின் முன்னால் செல்ஃபி எடுக்க எப்போதும் வரிசைதான். இதே தெருவில் 120-ம் எண் வீடு, சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட் சென் 1910-ல் தன் இயக்கத்தை நடத்திய இடம். பக்கத்தில் 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட கூ கொங்சி என்ற சீனக் குல மாளிகை.

இந்தத் தெருக்களின் அழகான பழைய கடைவீடுகளைப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழும். இங்கே குடியிருந்தவர்கள் எங்கே? பல ஆண்டுகளாக வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் சாதாரணக் குடும்பங்களை இந்த வீடுகளில் இருக்கவைத்தது. 1997-ல் அந்தச் சட்டத்தை ரத்து செய்ய முடிவானது. 2000-ம் ஆண்டு தொடக்கத்தோடு பாதுகாப்பு முழுமையாகப் போனது. வாடகை எகிறியது. தலைமுறைகளாக இருந்த குடும்பங்களும் சிறு தொழில் செய்தவர்களும் வெளியேறினார்கள். பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு விடுதிகளும் காபிக் கடைகளும் பெருகின. கட்டடம் பிழைத்துவிட்டது, அதற்கு உயிர் கொடுத்த மனிதர்கள் குறைந்துவிட்டார்கள்.

கடல்மேல் குடியிருப்பு

கடைசி நிறுத்தம், செவ் படகுத்துறை. சீனாவின் ஃபுஜியான் பகுதியிலிருந்து வந்தவர்கள் கடலுக்குள் தூண் நட்டுப் பலகை வீடுகள் கட்டினார்கள். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு துறை. சில துறைகள் இடிக்கப்பட்டுவிட்டன. மிஞ்சியவற்றில் பெரியது இது. இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. ஜன்னலுக்குள் கேமராவை நீட்டும் பயணிகளால் நொந்துபோய், படம் எடுக்காதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதை மதிப்பது நம் கடமை. நம் வீட்டு முற்றத்தில் தெரியாதவர்கள் வந்து படமெடுத்தால் எப்படி இருக்கும்?

கிளம்பும் முன் கவனிக்க...

* கப்பல் நேரமும் உள்ளூர் நேரமும் ஒன்றா என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக ஏற வேண்டிய நேரம், கப்பல் புறப்படும் நேரத்துக்கு முன்பே முடிந்துவிடும்.
* மலேசிய நுழைவு விதிகளை, டிக்கெட் எடுக்கும்போதே கப்பல் நிறுவனத்திடம் உறுதிசெய்யுங்கள்.
* வெயில் கடுமை. தொப்பி, தண்ணீர் அவசியம். கோயில், மசூதி என்று ஏறி இறங்க வேண்டும் என்பதால் சட்டென்று கழற்றும் செருப்பே வசதி. உடை தோளையும் முழங்காலையும் மூடட்டும்.
* கடைவீடுகளின் முன்னால் உள்ள 'ஐந்தடிப் பாதை'யில் நடந்தால் நிழல் கிடைக்கும்.
* கையில் கொஞ்சம் ரிங்கிட் வைத்துக்கொள்ளுங்கள். முதியவர்கள் நடக்க முடியாவிட்டால் டிரைஷா கிடைக்கும்; ஏறும் முன்பே கட்டணம் பேசிவிடுங்கள்.
* கப்பலில் சாப்பாடு இலவசம்தான். ஆனாலும் ஒரு வேளையாவது ஊருக்குள் பழைய கடையில் சாப்பிடுங்கள். பூவோ, பலகாரமோ அங்கேயே வாங்குங்கள். வாடகையோடு போராடி இன்னும் அங்கே கடை வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சில ரிங்கிட் நேராகப் போய்ச் சேரும்.