ஒரு பென்னி விலை, அரை பென்னி கொடுத்தாலும் ஓகே

இன்னைக்கு எபிசோட் ஒரு விலைப் பட்டியல்ல இருந்து ஆரம்பிக்குது. 1706ல இங்கிலாந்தோட நாரிச் நகரத்துல நாரிச் போஸ்ட்மேன்னு ஒரு பேப்பர் வந்துச்சு. விலை ஒரு பென்னி. ஆனா அரை பென்னி கொடுத்தாலும் வேணாம்னு சொல்ல மாட்டோம்னு அவங்களே அச்சடிச்சிருந்தாங்க. அந்த அளவுக்குப் போட்டி. அப்போ அந்த ஒரே ஊர்ல மூணு பேப்பர் ஓடிட்டு இருந்துச்சு.

நாரிச், நார்ஃபோக் கவுண்டியோட தலைநகர். கவுண்டின்னா கிட்டத்தட்ட மாவட்டம்னு வெச்சுக்கோங்க. அந்தக் காலத்துல லண்டனுக்கு அடுத்த பெரிய நகரம் இதுதான், நெசவுத் தொழில்ல வளர்ந்த ஊர். 1695 வரைக்கும் லண்டன், ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் மாதிரி சில இடங்களைத் தவிர வேற எங்கயும் பிரஸ் வைக்க முடியாது. அந்தச் சட்டத்தை யாரும் ரத்து பண்ணல. ரின்யூ பண்ணாம விட்டுட்டாங்க, அவ்ளோதான். உடனே பிரின்டர்கள் வெளியூருக்குக் கிளம்பினாங்க. அதுல ஒருத்தர் பிரான்சிஸ் பர்ஜஸ். அவர் நாரிச்ல ஆரம்பிச்ச நாரிச் போஸ்ட்தான் லண்டனுக்கு வெளியே வந்த முதல் பேப்பர்னு பொதுவா சொல்றாங்க. முதல் இதழ் இப்போ யார்கிட்டயும் இல்ல. கிடைச்சிருக்கிற 1708 இதழோட நம்பர்ல இருந்து வாரம் வாரமா பின்னாடி எண்ணித்தான் 1701ன்னு கண்டுபிடிச்சாங்க. பில்ட் நம்பரை வெச்சு ரிலீஸ் தேதி கண்டுபிடிக்கிற மாதிரி. 1706ல அவர் இறந்ததும் மனைவி எலிசபெத் பேப்பரை நடத்தினாங்க.

இந்த உள்ளூர் பேப்பர்ல உள்ளூர் செய்தி ரொம்பக் கம்மி. லண்டன் தபால் வந்ததும் அங்கத்திய பேப்பர்ல இருக்கிற ஐரோப்பாப் போர்ச் செய்தியை அப்படியே எடுத்துப் போடுவாங்க. ஊர்ல நடந்ததுதான் ஊருக்கே தெரியுமே, அதை யார் காசு கொடுத்து வாங்குவாங்க? உள்ளூர்னு இருந்தது முக்கியமா விளம்பரங்கள்தான். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவேன்.

1712ல முத்திரை வரி வந்துச்சு. முழுத் தாள்ல அச்சடிச்சா ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு பென்னி. ஆனா ஒரு தாளைத் தாண்டினா அது பேப்பர் இல்ல, பாம்ப்லெட். அதுக்கு எத்தனை பிரதி போட்டாலும் மொத்தமா தாளுக்கு ரெண்டு ஷில்லிங்தான். ஒரு ஷில்லிங்னா 12 பென்னி. கணக்குப் போடுங்க: ஆயிரம் பிரதி, ஒரு தாள்னா வரி 1000 பென்னி. ஒன்றரைத் தாள்னா 36 பென்னி! பிரின்டர்கள் சும்மா இருப்பாங்களா? இங்கிலாந்து முழுக்க பேப்பர்கள் திடீர்னு குண்டாகிடுச்சு. கூடுதல் பக்கத்தை நிரப்பக் கட்டுரை, கவிதைன்னு கையில கிடைச்சதை எல்லாம் போட்டாங்க. எட்ஜ் கேஸ் டெஸ்ட் பண்ணாம போன சட்டம். அந்த பக்கை ஃபிக்ஸ் பண்ண 1725 ஆச்சு.

1815ல வரி நாலு பென்னி ஆகி, பேப்பரே சாதாரண ஆளுக்கு எட்டாத பொருளாச்சு. 1855ல முழுசா எடுத்த பிறகுதான் தினசரி சாத்தியமாச்சு. நார்ஃபோக்ல 1870ல ஒண்ணு ஆரம்பிச்சு, 1872ல ஈஸ்டர்ன் டெய்லி பிரஸ்னு பேர் மாறிச்சு. இன்னைக்கும் வருது. அதை ஆரம்பிச்ச லிபரல் குழுவுல கோல்மன்ஸ் கடுகு குடும்பத்துக்கும் பங்கு இருந்துச்சு. இப்போ தந்தி இருக்கு, லண்டன் செய்தி எல்லாருக்கும் கிடைக்குது. அதனால தனியா விக்க இருந்த சரக்கே உள்ளூர்தான்: கவுன்சில் கூட்டம், கோர்ட், சந்தை விலை.

இந்த நிருபர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்துச்சு? அதே விளம்பரங்கள்ல இருந்து. வீடு வாடகைக்கு, பழைய கார் விற்பனைக்கு, ஆள் தேவை. கார் விளம்பரம் கொடுத்தவருக்குத் தெரியாது, தான் ஒரு கோர்ட் நிருபருக்கும் சேர்த்து காசு கொடுக்கறோம்னு. ரைட்மூவ், கம்ட்ரீ மாதிரி சைட்டுகள் அந்த விளம்பரங்களைத் தனியா பிரிச்சு எடுத்துச்சு. பயனருக்கு நல்ல ப்ராடக்ட்தான், அதுல சந்தேகமில்ல. நானும் அந்த இடத்துல இருந்திருந்தா அதைத்தான் எழுதியிருப்பேன். ஆனா நாம டிபென்டென்சி செக் பண்ணாம ஒரு மாட்யூலை உருவிட்டோம்னு தோணுது.

அந்தப் பேப்பரை நடத்தின ஆர்ச்சன்ட் நிறுவனம், 2022ல அமெரிக்காவோட கேனட் கீழே இருந்த நியூஸ்குவெஸ்ட்டுக்குக் கைமாறிச்சு. அதுக்கு முன்னாடியே இன்னொரு ஏற்பாடு வந்திருந்துச்சு. பிபிசி, மக்கள் கட்டுற லைசென்ஸ் கட்டணத்துல இருந்து உள்ளூர் பேப்பர்கள்ல வேலை செய்யற நிருபர்களுக்குச் சம்பளம் கொடுக்குது. நாடு முழுக்க சுமார் 165 பேர். அவங்க வேலை கவுன்சிலையும் மத்த பொது அமைப்புகளையும் கவனிக்கிறது. கோர்ட் அந்த லிஸ்ட்ல இல்ல.