பெயர்த்தகடு சொன்ன வயது

கிழக்கு லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்றொரு பேட்டை. நிக்கோலஸ் ஹாக்ஸ்மூர் வடிவமைத்து 1729-இல் திறக்கப்பட்ட கிறைஸ்ட் சர்ச் அங்கேதான் இருக்கிறது. அதைப் பழுதுபார்த்துப் புதுப்பிக்கும் வேலையின்போது நிலவறையைக் காலி செய்ய வேண்டி வந்தது. அதற்குள் சவப்பெட்டிகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. 1984 முதல் 1986 வரை தொல்லியலாளர்கள் வெளியே எடுத்த உடல்கள் ஏறத்தாழ 1,000.

இடத்தைக் காலி செய்வது மட்டுமே நோக்கமென்றால் கூலியாட்களே போதும். தொல்லியலாளரின் வேலை, பெட்டியை அசைப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எந்த அறையில் கிடந்தது, தலை எந்தப் பக்கம், மேலே இருந்தது எது, கீழே இருந்தது எது என்பதெல்லாம் படிவத்தில் ஏறும். அளவுகோல் வைத்துப் புகைப்படம் எடுப்பார்கள். அளந்து படம் வரைவார்கள். அடியில் இருப்பதுதான் பழையது என்பது அகழாய்வின் பொதுவிதி. நிலவறையில் அதை அப்படியே நம்ப முடியாது. இடம் போதாதபோது பழைய பெட்டிகளை நகர்த்தி மாற்றி அடுக்கியிருப்பார்கள். மரம் உளுத்து மேல்பெட்டி சரிந்தால் இரண்டு பேரின் எலும்புகள் கலந்துவிடும். எது எதன்மேல் சரிந்தது என்று அங்கேயே குறிக்காமல் அள்ளிவிட்டால், பிற்பாடு எந்த ஆய்வுக்கூடத்தாலும் அதை முழுதாகப் பிரித்துத் தர இயலாது.

வசதி படைத்தவர்களின் பெட்டி மூன்று சுற்றுக் கொண்டது. உள்ளே மரம், நடுவில் ஈயத் தகடு, வெளியே துணி போர்த்து ஆணி அடித்த மரம். ஈயம் காற்றை அடைத்ததால் சில உடல்கள் தசையோடு இருந்தன. பெரியம்மைக் கிருமி இன்னும் உயிரோடு இருக்குமோ என்ற பயம் எழுந்தது. பெரியம்மை உலகில் ஒழிந்ததாக அறிவித்து அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. என்னைக் கேட்டால், கிருமியைவிட ஈயத்தூசிக்குத்தான் அதிகம் பயந்திருக்க வேண்டும்.

இந்த நிலவறையின் உண்மையான புதையல் பெட்டிமேல் இருந்த பெயர்த்தகடுகள். அவற்றால் 387 பேரின் பெயர், வயது, இறந்த நாள் ஆகியவை தெரியவந்தன. மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி பிரான்சிலிருந்து வந்த ஹியூகனாட் பட்டு நெசவுக் குடும்பத்தினரும் இவர்களில் உண்டு. எலும்பை வைத்து வயது சொல்லும் முறைகளைச் சோதித்துப் பார்க்க இப்படியொரு வாய்ப்பு எளிதில் அமைவதில்லை. தகட்டில் இருந்ததைப் பாராமலேயே ஆய்வாளர்கள் இடுப்பெலும்பின் முன்மூட்டு, மண்டையோட்டின் இணைப்புகள் முதலியவற்றைக் கொண்டு வயதைக் கணித்தார்கள். பிறகு தகட்டோடு ஒப்பிட்டார்கள்.

வளர்ந்தவர்கள் விஷயத்தில் முடிவு சங்கடமானது. ஐந்து ஆண்டு வித்தியாசத்துக்குள் கணிப்பு பொருந்தியது மூன்றில் ஒரு பங்கினருக்குக்கூட இல்லை. பிழைக்கும் ஒரு போக்கு இருந்தது: இளையவர்களுக்கு வயதைக் கூட்டியும், எழுபதைத் தாண்டியவர்களுக்குக் குறைத்தும் சொல்லியிருந்தார்கள். குழந்தைகளின் பல் வளர்ச்சி மட்டும் நம்பத் தகுந்த சாட்சியாக நின்றது. பற்கள் முளைப்பதற்கு ஓரளவு ஒழுங்கான கால அட்டவணை உண்டு. மூட்டு தேய்வது ஆளுக்கு ஆள், உழைப்புக்கு உழைப்பு மாறும்.

1993-இல் இந்த ஆய்வு இரண்டு தொகுதிகளாக வெளிவந்தபோது, அதன் அதிர்வு ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸோடு நிற்கவில்லை. பெயர்த்தகடே இல்லாத எத்தனையோ பழைய இடுகாடுகளில், கிழவர்களையெல்லாம் நடுவயதினர் என்று எழுதி வைத்திருக்கலாம் அல்லவா? முந்தைய கணக்குகள் பலவற்றைச் சந்தேகிக்க வேண்டியதாயிற்று.

‘அந்தக் காலத்தில் நாற்பதைத் தாண்டியவர்களே அரிது’ என்று எங்காவது படித்தால், அந்த வயது ஏட்டிலிருந்து வந்ததா, எலும்பிலிருந்து வந்ததா என்று பாருங்கள். எலும்பிலிருந்து என்றால், எந்த முறையில் கணித்தார்கள் என்பதையும் கேளுங்கள்.