போலி தீர்க்கதரிசியைக் கண்டுபிடிக்க ஒரு பழைய செக்லிஸ்ட்

ஒரு போதகர் உண்மையானவரா, ஏமாத்துறவரான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இது எங்க வீட்டுக் கேள்வியும்தான். மாமாவுக்கு உடம்பு சரியாகணும்னு எங்க அத்தை ரெண்டு வளையலைக் கழட்டி ஒரு ஊழியக்காரர் கையில கொடுத்தாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். எதுவும் கேட்கல.

ஆதி சபைக்கும் இதே பிரச்சினை இருந்தது. 'திதாகே' என்று கிரேக்க மொழியில் ஒரு சின்னக் கையேடு உண்டு. ஏறக்குறைய 1,900 வருஷப் பழசு. பல நூற்றாண்டுகளா காணாமப் போயிருந்த இதோட பிரதி 1873-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் கிடைச்சுது.

அந்தக் காலத்துல ஊர் ஊரா வர்ற ஊழியக்காரங்களைச் சோதிக்க அது சொல்ற விதிகள் ரொம்ப எளிமை. ஒரு நாள், தேவைப்பட்டா ரெண்டு நாள் தங்கலாம். மூணாவது நாளும் தங்கினா போலி. கிளம்பும்போது வழிக்கு ரொட்டி மட்டும் கொடுக்கலாம். பணம் கேட்டா போலி. இல்லாதவங்களுக்குக் கொடுக்கச் சொன்னா தப்பில்லை. சொல்றதைத் தானே செய்யலைன்னா, அப்பவும் போலி.

இந்த லிஸ்ட்ல அற்புதம் கிடையாது, கவனிச்சீங்களா? கடைசிக் காலத்துல வர்ற ஏமாற்றுக்காரனும் அற்புதங்கள் செய்வான் என்றுதான் அந்த நூல் எச்சரிக்குது. மத்தேயு 7-ல் இயேசு கனிகளைப் பார்க்கச் சொன்னதும் இதே காரணத்துக்குத்தான்.

இதை மறந்தா என்ன ஆகும்? ஜிம் ஜோன்ஸ். 1950-களில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் சபை ஆரம்பிச்சார். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்த சபை, ஏழைகளுக்கு இலவசச் சாப்பாடு. அதெல்லாம் நிஜம். ஆனா கோழியோட உள்ளுறுப்பைக் காட்டி, 'புற்றுநோய்க் கட்டி வெளியே வந்துடுச்சு'ன்னு நம்ப வச்சதும் அதே மேடைதான். மக்கள் வீட்டையும் சம்பளத்தையும் எழுதிக் கொடுத்தாங்க. கயானா காட்டுக்குள்ள குடியேறினதும் பாஸ்போர்ட்டையும் வாங்கி வச்சுக்கிட்டாங்க. 1978 நவம்பர் 18 அன்று 900-க்கும் அதிகமானோர் செத்தாங்க. கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர் குழந்தை.

ஜோன்ஸும் ஏழைகளுக்காகன்னு சொல்லித்தான் பணம் வாங்கினார். அதனால அந்த லிஸ்ட்டோட நான் ரெண்டு கேள்வி சேர்த்துக்குவேன். கணக்கு கேட்க முடியுமா? வேண்டாம்னு தோணினா வெளியே போக முடியுமா?

கேள்வி கேட்டா விசுவாசம் குறைஞ்சுடும்னு யாராவது சொன்னா, அப்போஸ்தலர் 17-ஐப் படிங்க. பவுல் சொன்னதையே பெரேயா ஊர்க்காரங்க வேதத்தோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. அதுக்காக அவங்களுக்குப் பாராட்டுதான் கிடைச்சுது.

அன்னைக்கு அத்தைக்குப் பதிலா நானாவது கேட்டிருக்கணும். உங்க வீட்ல அப்படி ஒருத்தர் இருந்தா, பக்கத்துல சும்மா நிற்காதீங்க.